இருபத்திரண்டு வயதுக் குரல்

ஜூன் 3, செவ்வாய்

ஸ்டுடியோ பதிவேட்டில் நான்கு கட்டங்கள்: நேரம், ரீல், கோளாறு, கையொப்பம். கோளாறு என்ற கட்டத்தில் இயந்திரங்களை மட்டும்தான் எழுத வேண்டும், மனிதர்களை எழுதக் கூடாது என்று முதலாளி போன மாதம் கண்டித்துவிட்டார். ‘நடிகர் வசனத்தைப் படிக்காமல் வந்தார்’ என்று நான் எழுதியது நடிகரின் மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டதாம். ஆகவே மனிதக் கோளாறுகளுக்கு இந்த நோட்டு.

இன்று புதுப்படம் ஆரம்பம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கதை. அப்பா செத்ததும் அண்ணன்மார் இரண்டு பேரும் தங்கை ராஜாமணியிடம், சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். இரண்டு மணி நேரமும் மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை. ராஜாமணியாக நடித்திருப்பது பாடகி சௌதாமினி. ஆமாம், அவரேதான். இருபத்துமூன்று வருடமாகக் கதாநாயகிகள் மழையில் நனையும்போதெல்லாம் வந்த குரல். கடைசி நான்கு வருடமாக நீதிபதி, தலைமையாசிரியை, கதாநாயகியின் அத்தை என்று மூன்று வசனம் நான்கு வசனம் பேசி நடித்துக்கொண்டிருந்தவருக்கு, நாற்பத்தேழு வயதில் முதல் முழுப்படம்.

பட்டுப்புடவையில் வந்தார். டப்பிங் அறைக்குள் பட்டு அசைந்தால் மைக்கில் சருகை மிதிப்பது மாதிரி கேட்கும். “மேடம், நாளைக்குப் பருத்தில வாங்க. வளையலையும் கழட்டிடுங்க” என்றேன்.

“வணக்கம்னு ஒண்ணு சொல்லிட்டு ஆரம்பிக்கலாம் இல்ல தம்பி?” என்றார். “வளையலைக் கீழயே கழட்டியாச்சு. புடவை, ஒரு நிச்சயதார்த்தத்துலேர்ந்து நேரா வரேன். நான் மைக் முன்னாடி நிக்க ஆரம்பிச்சப்ப நீங்க பால்வாடிகூடப் போயிருக்க மாட்டீங்க.”

கணக்குப் போட்டேன். எனக்கு அப்போது இரண்டு வயது.

வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வசனத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் திரையில் ஓடவிட்டு, உதட்டுக்குச் சரியாகப் பேசவைப்பதுதான் என் பிழைப்பு. பெரிய கதாநாயகர்கள் ஒரு ‘வாங்க’வுக்கு ஒன்பது தடவை எடுப்பார்கள். இவர் முதல் தடவையிலேயே திரையில் உதடு பிரியும் இடத்தில் ஆரம்பித்து, மூடும் இடத்தில் முடித்தார். ஒரே நாளில் ஒன்றரை ரீல். ஆறு மணிக்கே என் வாடகை அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். சாலிகிராமத்தில் இதெல்லாம் வரலாறு.

ஜூன் 4, புதன்

ரீல் மூன்று முடிந்தது. ஒரு வினோதம். திரையில் தெரியும் தன்னையே ‘இந்தப் பொண்ணு’ என்கிறார். “இந்தப் பொண்ணு வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி எச்சில் முழுங்கறா பாருங்க, அதுக்கு ஒரு இடம் விடணும்.” பாட்டுப் பதிவுக்குப் போனால், எந்தக் கதாநாயகிக்கு என்று கேட்டு, அவள் படத்தைப் போனில் பார்த்துவிட்டுத்தான் மைக் முன்னால் போய் நிற்பாராம். “மூஞ்சிக்கு ஏத்த குரல் குடுக்கணும் தம்பி. இல்லாட்டி இத்தனை வருஷம் என்னை யார் கூப்பிடுவா?”

மேல்தள ஏசி ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஆறு ரீலும் முடிந்தன. நான்கே நாள். உதட்டோடு ஒத்துப்போகாத, எங்கள் பாஷையில் ‘சிங்க்’ ஆகாத வசனம்: பூஜ்யம். இப்படி ஒருவரோடு வேலை செய்தால் ரத்த அழுத்தம் ஏறாது.

ஜூன் 9, திங்கள்

ஏறிவிட்டது.

இயக்குநர் மகிழ்நன் வந்து மூன்று ரீல் பார்த்தார். தாடியைத் தடவினார். “இன்பா, சிங்க் இல்லையேப்பா.”

“எங்க சார் இல்ல?”

“எல்லா எடத்துலயும்.”

எல்லா இடத்திலும் என்பது ஒரு பதிலா? எந்த வசனம், எந்த நொடி என்று கேட்டேன். “ஒட்டல. மூஞ்சி ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் நிக்குது” என்றார். ஒரு வரியை எடுத்துப் பெரிதாக்கி, அலைவடிவத்தைத் திரையில் காட்டி, உதடு பிரிவதும் ஒலி தொடங்குவதும் ஒரே பிரேமில் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டினேன். “கணக்கெல்லாம் சரிப்பா. ஆனா இல்லையே” என்றார்.

இவர் படப்பிடிப்பில் ஹெட்போன் மாட்டாத இயக்குநர். தலைவலி வருமாம். தூரத்தில் உட்கார்ந்து மானிட்டரில் படத்தை மட்டும் பார்ப்பார். பக்கத்தில் மரம் அறுக்கும் மில் வேறு. அந்த ரம்பச் சத்தத்தில் பதிந்தது எடிட்டிங்குக்கு உதவாது என்று கேட்காமலே ஒதுக்கிவிட்டு, உதவி இயக்குநர் ஒருத்தி போனில் பேசிப் பதிந்த குரலை ராஜாமணியின் மேல் தற்காலிகமாக ஒட்டி, ஆறு மாதம் அதைக் கேட்டே படத்தை வெட்டியிருக்கிறார்கள். இப்போது சிங்க் பற்றி எனக்கு வகுப்பெடுக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

கேபிள் மாற்றினேன். புரொஜக்டரில் தாமதம் இருக்கிறதா என்று அளந்தேன். இல்லை. ஆறு ரீலிலும் நொடிக்கு இருபத்து நான்கு பிரேம்தானா என்று சரிபார்த்தேன். ஆம். கம்ப்யூட்டருக்கு வேறொரு சவுண்ட் கார்டை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. மகிழ்நன் மறுபடி கேட்டார். “இன்னும் இருக்கு” என்றார். என்ன இருக்கிறது? பேயா?

ஜூன் 11, புதன்

தயாரிப்பாளர் குணாளன் பொள்ளாச்சியிலிருந்து மனைவியோடு வந்தார். தேங்காய்க் களம் வைத்திருப்பவர், முதல் படம். இரண்டு ரீல் போட்டுக் காட்டினோம். அந்த அம்மாள் கவனமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அந்தம்மா நல்லா நடிச்சிருக்காங்க கண்ணு. அவங்களுக்கு ஆரு குரல் குடுத்தது? ரொம்ப இனிப்பாப் பேசறாங்க.”

“அவங்களேதாங்க.”

“இல்ல கண்ணு, பேசறது ஆருன்னு கேட்டேன்.”

“அவங்களேதான் பேசியிருக்காங்க.”

என்னை ஏதோ மறைக்கிறவனைப் போலப் பார்த்தார். குணாளன் மகிழ்நனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசினாலும் மைக் வழியாக எனக்குக் கேட்கும் என்று இவர்களுக்கு ஏன் உறைப்பதே இல்லை? “ஏனுங், நானும் அதேதானுங் சொல்றேன். டப்பிங் படமாட்ட இருக்குது. வேற யாரையாச்சும் பேச வெச்சுப் பாத்துருங்கொ.”

சௌதாமினியின் முகத்தில் சௌதாமினியின் குரல் ஒட்டவில்லையாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்குத் தீர்வு கிடையாது.

ஜூன் 12, வியாழன்

பிரேமா அக்காவை வரவழைத்தார்கள். முப்பது வருடமாக டப்பிங் கொடுப்பவர். வில்லி, மாமியார், அம்மன், எது கேட்டாலும் தொண்டையில் இருக்கும். ஐந்தாவது ரீலை ஓடவிட்டேன். பத்திரத்தை மேசையில் வைத்து அண்ணன் பேனாவை நீட்டுகிறான். ராஜாமணி வாங்கவில்லை. “கையெழுத்துப் போடமாட்டேனுங்ணா” என்கிறாள். படத்தின் முதுகெலும்பே அந்த இடம்தான்.

பிரேமா அக்கா ஒருமுறை கேட்டார். “இன்னொருக்கா போடுடா.” போட்டேன். “சத்தத்தைக் கொறைச்சிட்டுப் படத்தை மட்டும் போடு.” போட்டேன்.

“அவங்க கழுத்தப் பார்றா. நரம்பு எப்படிப் பொடைக்குது? அந்த நரம்புலேர்ந்து இந்தக் குரல் வராது. இது நம்ம ஹீரோயினுக்குக் குடுக்கற குரல்டா. காலேஜ் பொண்ணு. வாய்க்குள்ள கல்கண்டு.”

“சிங்க் சரியா இருக்குக்கா.”

“உனக்கு உதடு மட்டும்தான் கண்ணுல படும். போடா.”

மதியம் யோசித்தேன். மூஞ்சிக்கு ஏத்த குரல். திரையில் ஒரு கதாநாயகி தெரிந்ததும், கதாநாயகிக்குக் கொடுக்கும் குரலைக் கொடுத்திருக்கிறார். பழக்கம். இருபத்துமூன்று வருடப் பழக்கம். கதாநாயகி தான்தான் என்பதை மட்டும் தொண்டைக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

விடுமுறை. வந்தேன். படப்பிடிப்பில் வழிகாட்டிக்காகப் பதியும் ஒலியை யாரும் திறந்தே பார்க்கவில்லை. உறை பிரிக்காமல் என் அலமாரியில் கிடந்தது. முந்தானைக்குள் குத்தியிருந்த சின்ன மைக். முழுக்க அந்த மில்லின் ரம்பம், ஒரு காகம், யாருடைய போனோ முருகன் பாட்டுப் பாடுகிறது. ரீல் ஐந்தைத் தேடி எடுத்தேன்.

‘கையெழுத்துப் போடமாட்டேனுங்ணா.’

குரல் கீழே இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நான் எதிர்பார்ப்பதைவிட மிகக் கீழே. நடுவில் ஒரு பிளவு, பழைய கதவின் மரத்தில் ஓடுமே, அந்த மாதிரி. ‘ணா’வில் மூச்சு தீர்ந்துபோய் வெறும் காற்று வருகிறது. இலக்கணப்படி மோசமான பதிவு. பதினோரு முறை கேட்டேன். சத்த அளவைச் சோதிப்பதற்காக.

ரம்பத்தின் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து வெட்டிவிட்டேன். காகம் இருக்கட்டும். பொள்ளாச்சியில் காகம் இருக்காதா?

சாப்பிட மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

சௌதாமினியை மட்டும் வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நான் நினைப்பவை இந்த மாதம் எதுவும் நடப்பதில்லை.

வரி முடிவதற்குள் கையை நீட்டி நிறுத்து என்றார். “இதை யார் யார் கேட்டாங்க?”

“நான் மட்டும்தான்.”

“அழிச்சிடுங்க.”

“மேடம், படத்துலயே நல்ல சத்தம் இதுதான். டப்பிங்ல நீங்க கொடுத்தது வேற யாரோ பேசற மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும் முட்டாள்னு நெனச்சேன். இல்ல. அவங்க சொன்னது சரி.”

“எவ்வளவு நாசூக்காப் பேசறீங்க தம்பி.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “நான் ரேடியோவுல பேட்டி குடுத்தாக்கூட எந்தக் குரல்ல பேசுவேன் தெரியுமா? அந்தக் கல்கண்டுலதான். பதினஞ்சு வருஷமா. வீட்ல குக்கர் முன்னாடி நின்னு கத்தும்போதுதான் இது வரும். அன்னைக்கு வெயில்ல, அந்த ரம்பச் சத்தத்துல, என்னை அறியாம வந்துடுச்சு.”

“அதனால என்ன?”

“என்னவா? வர்ற இருபத்தேழாம் தேதி மியூசிக் டைரக்டர் தீபன்கிட்ட பாட்டு. பெரிய படம். பாடப்போறது யாருக்கு? இருபத்திரெண்டு வயசுப் பொண்ணுக்கு. தீபன் கண்ணை மூடினா அவன் காதுல நானும் இருபத்திரெண்டு. இதைக் கேட்டுட்டான்னா, அடுத்த தடவை நான் மைக் முன்னாடி நிக்கும்போது அவனுக்கு இந்த மூஞ்சிதான் தெரியும். ஒரு காலத்துல வருஷத்துக்கு நாப்பது பாட்டு. போன வருஷம் ஆறு. இந்த வருஷம் இது ஒண்ணு. நடிக்க வந்ததே பாட்டு கொறைஞ்சதுனாலதான். வந்த எடத்துல மிச்சத்தையும் கொன்னுட்டுப் போகச் சொல்றீங்களா?”

தீபன் இந்தப் படத்துக்கும் இசை. அவரும் அந்த உதவி இயக்குநரின் போன் குரலைக் கேட்டுத்தான் பின்னணி இசை போட்டிருக்கிறார்.

“அப்ப இந்தக் குரல்லயே நீங்க திரும்ப டப்பிங் குடுங்க. கொஞ்சம் கொறைச்சு, வயசைப் பாதியாக்கி...” என்றேன்.

“பாதியா. என்ன ரவா உப்புமாவா?” என்று சிரித்தார். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தார். அழிக்கச் சொன்னதை மறுபடி சொன்னார். சரி என்றேன். அழிக்கவில்லை. படம் முடியும்வரை மூலப்பதிவை அழிக்கக் கூடாது, அது விதி.

ஜூன் 17, செவ்வாய்

பத்தரைக்கு ஆரம்பித்தோம். ஒரே வரி. பதினான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் கல்கண்டு.

“என்ன பண்றது தம்பி? செவப்பு வெளக்கு எரிஞ்ச உடனே தொண்டை தானா அங்க போயிடுது.”

சிவப்பு விளக்கைப் பிடுங்கினேன். கல்கண்டு. திரையை அணைத்தேன். கல்கண்டு. மைக்கைப் பின்னால் ஒளித்துவைத்தேன். “அது அங்கதானே இருக்கு, எனக்குத் தெரியுதே” என்றார். குனிந்து பேசச் சொன்னேன், மூச்சை விட்டபின் பேசச் சொன்னேன், மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வந்து பேசச் சொன்னேன். இரைக்க இரைக்கக் கல்கண்டு. அறைக்கு வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, “கருமம், வரவே மாட்டேங்குது” என்றார். அதுவேதான், அந்தக் கீழ்க்குரல்! உள்ளே தள்ளாத குறையாகக் கூட்டிப்போனேன். கதவு மூடியது. கல்கண்டு.

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். “இருபத்துமூணு வருஷத்துல உங்க தொண்டை உங்க பேச்சைக் கேக்கக் கத்துக்கலையா?”

பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 18, புதன்

பிரேமா அக்கா பேசட்டும் என்று சௌதாமினியே ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். மகிழ்நனுக்கு நிம்மதி. குணாளனுக்கு நிம்மதி. நான் மட்டும் கத்தினேன்.

“மேடம், உங்க முதல் படம். உங்க வாய்லேர்ந்து வேற ஒருத்தங்க குரலா?”

“எத்தனை வாய்லேர்ந்து என் குரல் வந்திருக்கு? எனக்கு ஒருத்தர் குடுக்கக் கூடாதா?”

“அது பாட்டு.”

“அவங்களுக்கும் அது மொதல் படமாத்தான் இருந்திருக்கும். அப்ப யாரும் இப்படிக் கத்தல.”

கடிதத்தில் கையெழுத்து அழகாக இருக்கிறது. பாடகர்கள் ரசிகர்களுக்குப் போட்டுப் போட்டு அழகாக்கிவிடுவார்கள் போலிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

பிரேமா அக்கா இரண்டு நாளில் முடித்தார். நன்றாக இருக்கிறது. ஒட்டுகிறது. மகிழ்நன் ‘ஆங், இது சிங்க்’ என்றார். இத்தனைக்கும் ஏழு இடத்தில் இரண்டு பிரேம் தள்ளி இருக்கிறது. சொல்லவில்லை.

நாளை விநியோகஸ்தர்களுக்குக் காட்சி. பிரதியை மதியம் கலந்து முடித்தேன். ரீல் ஐந்தில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். ஒரு காட்சிதான். மூன்று நிமிடம் நாற்பது நொடி. பதிவேட்டில் எழுதவில்லை.

தொழில்நுட்ப ரீதியாக அதுதான் சரி.

ஜூன் 21, சனி

பதினோரு மணிக்குக் காட்சி. முப்பது பேர். சௌதாமினி கடைசி வரிசை, தீபன் அவருக்குப் பக்கத்தில். நான் புரொஜக்டர் அறையில்.

நான்கு ரீல் வரைக்கும் விநியோகஸ்தர்கள் போன் பார்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் அங்கங்கே வெளிச்சச் சதுரமாகத் தெரியும். ரீல் ஐந்து வந்தது. ரம்பம் இல்லை, காகம் உண்டு. அண்ணன் பேனாவை நீட்டினான். ‘கையெழுத்துப் போடமாட்டேனுங்ணா.’ வெளிச்சச் சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ தொண்டையைச் செருமினார்கள், பிறகு அதுவும் இல்லை. மூன்று நிமிடம் நாற்பது நொடியும் அந்த அறையின் பின்னணி இரைச்சல் ஏசியினுடையது மட்டும்தான். எனக்குத் தெரியும், நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிசையைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் குணாளன் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஏரியாவின் விநியோக உரிமை அங்கேயே விற்றுவிட்டது. மகிழ்நன் எல்லோரிடமும் “அந்த எடத்துல குரல் அப்படித்தான் வேணும்னு நான் மொதல்லேர்ந்தே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீபன் சௌதாமினியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். “அக்கா! என்ன குரல்க்கா அது! எங்கக்கா வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?”

சௌதாமினி கல்கண்டுக் குரலில் நன்றி சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. கூட்டமாக இருந்தது, பார்த்திருக்க மாட்டார்.

ஜூன் 23, திங்கள்

குணாளன் போன் செய்தார். படம் முழுக்க அந்தக் குரல்தான் வேண்டுமாம். நல்ல செய்தி. நான் சொன்னதுதான் சரி என்று ஒரு வாரம் கழித்து மூன்று பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரேமா அக்காவும் போன் செய்தார். “என் குரலைத் தூக்கிட்டியாமே.”

“ஸாரிக்கா.”

“எங்கிட்ட எதுக்குடா ஸாரி? நான் பேசிட்டேன், போயிட்டேன். அவங்ககிட்டக் கேட்டியா?”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

தீபனின் ஸ்டுடியோவில் என் வகுப்புத் தோழன் வேலை பார்க்கிறான். கேபிள் ஒன்று இரவல் கேட்கப் பேசினேன். பேச்சுவாக்கில் சொன்னான்: வெள்ளிக்கிழமைப் பாட்டை டிவி போட்டியில் ஜெயித்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வயது பத்தொன்பது. “சௌதாக்கா இப்ப நடிப்புல பிஸி, தொந்தரவு பண்ண வேணாம்னு சார் சொல்லிட்டாரு. சார் அவங்களைப் பத்தியேதான் பேசிட்டிருக்காருடா. அம்மா கேரக்டர் இருந்தா சொல்லுங்கன்னு ரெண்டு டைரக்டருக்குப் போன் போட்டாரு. எவ்ளோ மரியாதை பாரு.”

சௌதாமினியின் எண்ணை அழைத்தேன். எடுப்பதற்குள் துண்டித்துவிட்டேன். மீதிப் படத்துக்கு அனுமதி கேட்க வேண்டும், அதற்காகத்தான் அழைத்தேன்.

ஜூன் 25, புதன்

மறுபடி துண்டித்தேன்.

ஜூன் 26, வியாழன்

விருகம்பாக்கத்தில் வேறொரு வேலை இருந்தது. (இல்லை.) அவர் வீடு மூன்றாவது மாடி. மாலை ஐந்து மணி. படியேறும்போதே கேட்டது: சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயது. துல்லியம். ஒரு சுருதிகூட விலகவில்லை. அழைப்பு மணியை அழுத்தாமல் நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் “கூரியரா?” என்று கேட்டுவிட்டார்.

கதவு திறந்தது. உட்காரச் சொல்லவில்லை.

“மேடம், ரீல் அஞ்சுல அதை மாத்தினது நான்தான். யாரும் சொல்லல. நானாத்தான்.”

“என் குரலை எனக்கு அடையாளம் தெரியாதா?” கீழ்க்குரல். “மொத வார்த்தையிலயே தெரிஞ்சுது. எழுந்து நிறுத்துங்கன்னு கத்தியிருக்கலாம். பக்கத்துல தீபன் என் கையைக் கெட்டியாப் புடிச்சுட்டு அழுதுண்டிருந்தான். அந்த அழுகையும் எனக்குத்தானே? நான் யாரை நிறுத்தறது?”

“பாட்டு போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்.”

“கேள்விப்பட்டீங்களா. சரி.”

“ஆனா அந்தக் காட்சி...”

“நல்லாத்தான் இருந்துது. எனக்கும் காது இருக்கு. நல்லா இருந்துதுங்கறதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுட்டுப் போகாதீங்க. நீங்க பண்ணினதுக்குப் பேரு வேற. நான் அழிங்கன்னு சொன்னேன். சரின்னு சொன்னீங்க.”

விதியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

“குணாளன் சாரும் கூப்பிட்டாரு” என்றார். “படம் முழுக்க அதைப் போடணுமாம். யோசிச்சேன். ஒரு காட்சியில மட்டும் அந்தக் குரல் இருந்தா அது ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்கும். முழுக்கப் போட்டா அது நான் எடுத்த முடிவு. நாளைக்கு வரேன். நாளைக்கு எனக்கு வேலை இல்ல.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

ஜூன் 27, வெள்ளி

படப்பிடிப்புப் பதிவைக் கொண்டே ஆறு ரீலையும் நிரப்பிவிட்டேன். பதினான்கு வரி மட்டும் உதவாது. அந்த இடங்களில் எல்லாம் வசனத்தை எடுத்துக்கொடுக்கிற உதவி இயக்குநரின் சத்தம் இவர் குரல் மேலேயே ஏறிக் கிடக்கிறது. அவற்றை மட்டும் புதிதாகப் பேச வேண்டும்.

அறைக்குள் நிறுத்தினேன். கோபமாக இருக்கிறாரே, கோபத்தில் வந்துவிடும் என்று ஒரு கணக்கு. “மேடம், என்னைத் திட்டுங்க. ரெக்கார்ட் பண்றேன்” என்றேன். திட்டினார். அவசரக்குடுக்கை, அகம்பாவம் பிடித்தவன், பெரியவர்களிடம் பேசத் தெரியாதவன், இயந்திரத்துக்குப் பிறந்தவன். எல்லாமே கல்கண்டில். மார்கழிக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு இனிமை. முடித்ததும் கண்ணாடி வழியாக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன், உடனே நிறுத்திக்கொண்டார்.

அறைதான் பிரச்சினை. ஒன்றரை வருடம் படித்து, நான்கு வருடமாகச் சத்தம் புகாமல் காத்துவந்த அறை.

சின்ன மைக்கை அவர் முந்தானைக்குள் குத்தச் சொல்லி, கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனேன். பகல் பன்னிரண்டு மணி. வெயில். பக்கத்துக் கட்டிடத்தில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். தண்ணீர் லாரி பின்னால் வந்துகொண்டே பீப் பீப் என்கிறது. இதைவிட மோசமான ஒரு பதிவிடத்தை நான் கண்டதில்லை.

“யாரைப் பாத்துப் பேசறது?” என்றார்.

அண்ணன் வசனத்தை நான் படித்தேன். வேறு யாரும் இல்லை. தாளில் இருந்தது: ‘எல்லாம் உன் நல்லதுக்குத்தான் அம்மிணி பண்றோம். உனக்கு ஒண்ணும் தெரியாது.’ மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. எனக்கு நடிப்பு வராது, வாய் குழறுகிறது.

மூன்றாவது முறை அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். டைல்ஸ் மெஷினை மீறிக் கேட்க வேண்டுமே என்று தொண்டையை இறக்கினார்.

“என் நல்லது எனக்குத் தெரியுமுங்ணா.”

அதுதான். அந்தக் குரல். கழுத்தில் நரம்பு. பதினான்கு வரியும் இருபது நிமிடத்தில் முடிந்தன. டைல்ஸ் சத்தத்தை எடுக்க எனக்கு மூன்று நாள் ஆகும். எடுத்துவிடலாம்.

மைக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, “டைட்டில்ல டப்பிங் கலைஞர்கள் பேரெல்லாம் போடுவாங்க இல்ல?” என்று கேட்டார்.

“போடுவாங்க.”

“ராஜாமணிக்குக் குரல் யாருன்னும் போடணும். தனி கார்டு. என் பேரு.”

“நீங்கதானே நடிச்சிருக்கீங்க. உங்களுக்கு நீங்களே குரல் குடுத்தீங்கன்னு யாரும் போடறது கிடையாது மேடம்.”

“இருபத்துமூணு வருஷமா அடுத்தவங்களுக்குக் குடுத்தப்ப பேரு போட்டாங்க தம்பி. இப்ப ஒருத்திக்குக் குடுத்திருக்கேன். இதுக்காக ஒரு பாட்டையும் குடுத்திருக்கேன். போடச் சொல்லுங்க.”

மகிழ்நன் ஒத்துக்கொள்ள ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் நாகரிகமாகப் பேசவில்லை.

ஜூலை 2, புதன்

கலவை முடிந்தது. டைல்ஸ் போய்விட்டது. தண்ணீர் லாரியின் கடைசி பீப் ஒன்று இன்னும் இருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கும்.

டைட்டில் வடிவமைப்பாளர் காலையில் போன் செய்தார். “ப்ரோ, சௌதாமினி மேடம் பேரு ரெண்டு தடவை வந்திருக்கு. லிஸ்ட்ல தப்பு. ஒண்ணைத் தூக்கிட்டேன்.”

தப்பில்லை, திருப்பிப் போடுங்கள் என்றேன்.

மதியம் பிரதி வந்தது. ஒரு பெயர்தான் இருந்தது. நான் அழைத்தேன். “ஐயோ, எடுத்தாச்சுன்னு நெனச்சு அப்படியே ரெண்டர் போட்டுட்டேன் ப்ரோ” என்றார். எழுத்தில் அனுப்பினேன்: ராஜாமணி: சௌதாமினி. அடுத்த கார்டு, ராஜாமணிக்குக் குரல்: சௌதாமினி.

நாலரைக்கு மறுபடி போன். குரலில் எரிச்சல். “ப்ரோ, நான் பதினொரு வருஷமா டைட்டில் பண்றேன். ஒரே ஆளுக்கு இப்படிப் போட்டதே இல்ல. பாக்கறவங்க சிரிப்பாங்க. சும்மா ஒரு டவுட்டு கேக்கறேன், நடிச்ச சௌதாமினி வேற, பேசின சௌதாமினி வேறயா?”

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கேபிள், பிரேம், கல்கண்டு, நரம்பு, ரம்பம், ஒரு பாட்டு. எங்கே ஆரம்பிப்பது?

“ஆமா ப்ரோ. வேற வேற. ரெண்டு பேரையும் போடுங்க” என்றேன்.